கேக்பிஎச்பியின் ஃபார்ம்ப்ரொடெக்‌ஷன்: ஹிடன் ஃபீல்டுக்கு ஒரு பூட்டு

வெப் ஃபார்மில் திரையில் தெரியாமல் ஒரு மதிப்பைச் சுமந்து போகும் ஹிடன் ஃபீல்டு பேருக்குத்தான் ஹிடன். பிரவுசரில் எஃப்12 தட்டத் தெரிந்தவர் யாரும் அதைப் பார்க்கலாம், மாற்றியும் அனுப்பலாம். பாரிமுனையில் மொத்த விலைக்குப் பாத்திரம் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு ஆர்டர் ஃபார்ம் செய்யும்போது, முதலில் சாதாரண ஃபார்ம் ஒன்றில் டிஸ்கவுன்ட் 5 என்பதை அவர் கண்ணெதிரே 50 ஆக்கிக் காட்டினேன். “அப்போ எவன் வேணும்னாலும் மாத்திக்கலாமா தம்பி?” என்றார். டெமோ பலித்துவிட்டது!

இதற்குக் கேக்பிஎச்பி என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் கையோடு கிடைப்பது ஃபார்ம்ப்ரொடெக்‌ஷன் காம்பொனென்ட். பழைய செக்யூரிட்டி காம்பொனென்ட் செய்துகொண்டிருந்த இந்த வேலைக்கு 4.0-வில் தனி வீடு கொடுத்தார்கள். கன்ட்ரோலரில் ஒரு வரி எழுதினால் போதும். அப்புறம் ஃபார்மைக் கட்டித்தரும் ஃபார்ம்ஹெல்பர் வழியாக நீங்கள் போடும் ஃபீல்டுகளின் பெயர்கள், ஹிடன் ஃபீல்டுகளின் மதிப்புகள், யூஆர்எல், செஷன் ஐடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் (முத்திரை மாதிரி ஒரு குறியீடு) போட்டு ஃபார்மிலேயே வைத்துவிடும். எங்கே வைக்கிறது? இன்னொரு ஹிடன் ஃபீல்டில்தான். ஆனால் ஹாஷில் ஆப்பின் சால்ட் என்ற ரகசிய எழுத்துத்தொடரும் கலந்திருப்பதால், வெளியாள் புதிதாகப் போட்டுக்கொள்ள முடியாது.

5-ஐ 50 ஆக்கி அனுப்பினால் 400 பிழை. பிழை தேடும் டீபக் மோடை ஆன் செய்திருந்தால் எந்த ஃபீல்டு, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று புட்டுப்புட்டு வைக்கும். இந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடிக்கும். லைவில் இந்த விவரம் வராது, வரவும் கூடாது. ஆனால் ஃபார்மைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போன கடைப் பையனுக்கும், செஷன் முடிந்திருந்தால், அதே மொட்டைப் பக்கம்தான். சோதனை தோற்றால் ஓடும் வேலிடேஷன் ஃபெயிலியர் கால்பேக்கில் “பக்கத்தை மறுபடி திறங்கள்” என்று தமிழில் ஒரு வரி காட்டிவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்தான் தலைவலி. மொத்தத் தொகையைக் கணக்குப் போட்டு ஹிடன் ஃபீல்டில் எழுதினால், அதையும் திருட்டுத்தனம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த ஃபீல்டைச் சோதனையிலிருந்து விலக்கும் அன்லாக்ஃபீல்டு போட்டால் சரியாகிவிடும், ஆனால் அந்த ஃபீல்டுக்குப் பாதுகாப்பு போச்சு. நான் தொகையை வாங்குவதே இல்லை, சர்வரில் மறுபடி கூட்டிக்கொள்கிறேன். கையால் எழுதிய எச்டிஎம்எல் இன்புட்டையும் “இது யாரு?” என்று திருப்பி அனுப்பிவிடும். அது நியாயம்தான்.

பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது: ஹாஷில் நேரம் கிடையாது. காலையில் டிஸ்கவுன்ட் 10 சதவீதம் இருந்தபோது திறந்த ஃபார்மை, அண்ணாச்சி 5 ஆக்கிய பிறகு மாலையில் அனுப்பினாலும், செஷன் உயிரோடு இருந்தால் பூட்டு திறந்துகொள்ளும். நீங்கள் கொடுத்ததுதான் திரும்பி வந்ததா என்பதை மட்டும்தான் அது பார்க்கும், அந்த விலை இன்றைக்கும் செல்லுமா என்பது அதன் வேலை இல்லை. அதனால் டிஸ்கவுன்ட்டை டேபிளிலிருந்தே எடுக்கிறேன், ஹிடனில் ஆர்டர் எண் மட்டும்.

சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளம் உங்கள் பயனர் பெயரில் ஃபார்ம் அனுப்பும் தாக்குதல்) தடுப்பு இதில் சேராது. அதற்கான மிடில்வேரைத் தனியாகப் போடுங்கள்.