இம்ப்ளான்ட் பல்லுக்குத் தமிழ்நாடு போகலாமா? மலையகத்தாருக்கு ஒரு மதிப்பீடு

அட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் இம்ப்ளான்ட் முறையில் (தாடை எலும்புக்குள் திருகு வைத்து அதன் மேல்) பல் கட்டப் போக நினைப்பவர்களுக்கு எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு பல்லுக்காகப் போகாதீர்கள். நான்கு பல், அதற்கு மேல், அல்லது ஒரு தாடை முழுக்க என்றால் போகலாம். அப்போதும் கிளினிக்கை விலையை வைத்துத் தெரிவு செய்யக் கூடாது. ஊர் திரும்பிய பிறகு பல்லைத் திருகோடு பூட்டும் திருகாணி தளர்ந்தால் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள ஒரு பல் வைத்தியரால் அதை இறுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், அங்கே மிச்சம் பிடித்த காசு இன்னொரு விமான டிக்கெட்டில் போய்விடும்.

சென்னையில் ஒரு இம்ப்ளான்டுக்கும் அதன் மேல் வைக்கும் செயற்கைப் பல்லான கிரவுனுக்கும் சேர்த்துப் பொதுவாக 25,000 முதல் 50,000 இந்திய ரூபா வரை கேட்பார்கள். ஓஸ்ஸ்டெம், டென்டியம் போன்ற கொரியத் தயாரிப்புகள் விலை குறைவு. ஸ்ட்ரோமன், நோபல் பயோகேர் கூடுதல். விளம்பரத்தில் இதைவிடக் குறைந்த விலை கண்ணில் பட்டால், அது எலும்புக்குள் போகும் திருகுக்கு மட்டுமான விலையாக இருக்கும். திருகையும் கிரவுனையும் இணைக்கும் அபட்மென்ட், கிரவுன், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன், எலும்பு போதாத இடத்தில் போடும் எலும்புத் தூள், மேல் தாடைக்கு மேலுள்ள காற்றறையின் (சைனஸ்) அடியை உயர்த்தி எலும்பைக் கூட்டும் சைனஸ் லிஃப்ட், தற்காலிகப் பல் எல்லாம் தனித்தனிக் கணக்கு. இவை அத்தனையையும் வரிவரியாக எழுதி, இம்ப்ளான்டின் பெயரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதே பெயருக்குக் கண்டியில் என்ன விலை என்று கேட்டு, இரண்டு பயணச் செலவையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

ஒரு பயணத்தில் வேலை முடியாது. டைட்டேனியம் திருகோடு எலும்பு ஒட்டி வளரக் கீழ்த் தாடையில் 3 முதல் 4 மாதம், மேல் தாடையில் 4 முதல் 6 மாதம் ஆகும். மேல் தாடை எலும்பு மென்மையானது. அதனால்தான் அங்கே தாமதம். இந்திய மருத்துவ இ-விசா முதல் நுழைவிலிருந்து 60 நாள் செல்லும், அதற்குள் மூன்று தடவை போய் வரலாம். இரண்டாம் கட்டத்துக்கு அது போதாது, மறுபடி விசா எடுக்க வேண்டும். கிளினிக்கின் கடிதத் தாளில் எழுதிய கடிதம் இரண்டு தடவையும் தேவைப்படும். முதல் பயணத்திலேயே அடுத்த தேதியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். சிபிசிடி எடுத்திருந்தால் படத்தை மட்டும் அனுப்பாமல் ஸ்கேனின் மூலத் தரவான டைகாம் கோப்பு முழுவதையும் கொடுங்கள், எலும்பின் அகலத்தை அதில்தான் அளப்பார்கள். 4 மில்லிமீற்றர் திருகுக்குச் சுமார் 6 மில்லிமீற்றர் அகலமாவது எலும்பு வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்து, 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அதில் இருக்கிறது.

மலையகத்தில் எல்லாரும் கேட்க மறக்கும் கேள்வி வெற்றிலை பாக்கு. பல வருசம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் நார் போல இறுகி வாய் திறப்பது குறையும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் கடைவாயில் துளையிடும் கருவியை நிமிர்த்திப் பிடிக்க இடம் இருக்காது. அப்படிப்பட்டவர்கள், வாயில் வெள்ளைத் திட்டு இருப்பவர்கள், பயணத்தை யோசிக்காமல் முதலில் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை, பல்லைவிட அதுதான் அவசரம். புகையிலையும் சிகரெட்டும் குறைந்தது ஒரு வாரம் முன்பிருந்து, திருகு வைத்த பின் 8 வாரம் வரை கூடவே கூடாது.

சிகிச்சை நாளில் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன ஸ்டிக்கர். இம்ப்ளான்ட் மூடி முத்திரையிட்ட குப்பியில் வரும், அதை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். குப்பியோடு வரும் ஸ்டிக்கரில் தயாரிப்பின் பெயர், 4.0 × 10 என்பது போல விட்டமும் நீளமும், லொட் இலக்கம், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். ஒன்றைக் கிளினிக் தரும் இம்ப்ளான்ட் அட்டையில் ஒட்டி வாங்குங்கள். பல வருசம் கழித்து இங்கே ஒரு வைத்தியர் திருகாணியைத் திருப்ப எந்தச் சாவியைப் போடுவது என்று தெரிந்துகொள்வது அந்த ஸ்டிக்கரை வைத்துத்தான். ஒரு கம்பனியின் சாவி இன்னொரு கம்பனியின் திருகாணிக்குப் பல நேரம் பொருந்துவதில்லை. அட்டை தர மறுக்கும் கிளினிக்கை விட்டுவிடுங்கள்.

எலும்பில் துளையிடும்போது உப்புநீர் விடாமல் ஓட வேண்டும். எலும்பு 47 பாகை செல்சியசுக்கு மேல் ஒரு நிமிடம் சூடாக இருந்தாலே பாதிக்கப்படும். மழுங்கிய டிரில், அவசரக் கை, குறைந்த நீர் மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் திருகு ஒட்டாமல் சில வாரத்தில் ஆடத் தொடங்கும்.

சாதாரணத் திருகு என்றால் ஓரிரு நாளில் விமானம் ஏறலாம். சைனஸ் லிஃப்ட் செய்திருந்தால் சுமார் இரண்டு வாரம் காத்திருங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் வந்தால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: விமானத்துக்குள் இருக்கும் அமுக்கம் சுமார் 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமம். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். வீட்டுக்கு ஏறும் மலைப் பாதையும் சைனசைப் பொறுத்தவரை விமானம் மாதிரித்தான்.

இரண்டாம் பயணத்துக்கு 8 முதல் 10 நாள் ஒதுக்குங்கள். கிரவுனைச் சிமெந்தில் ஒட்டாமல் திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். உள்ளே கசியும் சிமெந்து ஈறைப் புண்ணாக்கும். தளர்ந்தால் கழற்றவும் வழியில்லை, வெட்டத்தான் வேண்டும். இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ரெஞ்சில் கம்பனி சொல்லும் அளவுக்கு, பொதுவாக 30 அல்லது 35 நியூட்டன் சென்ரிமீற்றருக்கு இறுக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி இறுக்குவது நல்ல வழக்கம். அதைச் செய்யாமல் அனுப்பும் இடங்களிலிருந்து வரும் பற்கள்தான் சீக்கிரம் ஆடும். பிறகு மூன்று நாளாவது அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். கடி உயரமாக இருப்பதும், பக்கத்துப் பல்லுக்கு நடுவில் சோறு சிக்குவதும் அப்போதுதான் தெரியும்.

"மூன்று நாளில் நிரந்தரப் பல்" என்ற விளம்பரத்துக்கு எங்கள் பரிந்துரை இல்லை. பெரும்பாலும் அது திருகும் அபட்மென்டும் ஒரே துண்டாக உள்ள, தாடையின் கெட்டியான அடி எலும்பில் இறக்கும் பேசல் வகை, பல் வரிசையைச் சிமெந்தில் ஒட்டுவார்கள். ஒரு திருகு கெட்டால் வரிசை முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டி வரலாம், அதைச் செய்ய மறுபடி அங்கேதான் போக வேண்டும். நான்கு திருகில் தாடை முழுக்கப் பூட்டும் முறை இதைவிட நல்லது. அதிலும் சில நாளில் கிடைப்பது தற்காலிகப் பல்தான், நிரந்தர வரிசை 4 முதல் 6 மாதம் கழித்து. அதுவரை தேங்காய் ரொட்டியைத் தொடாதீர்கள். குழைந்த சோறு, பருப்பு, கஞ்சி, அவித்த கிழங்கு போதும்.

உத்தரவாதம் என்று எழுதித் தருவது திருகுக்கும் கிரவுனுக்கும் மட்டுந்தான். விமானக் காசும் விசாவும் உங்கள் தலையில். ஊருக்கு வந்த பின் பல் இடுக்கில் நுழையும் இடைவெளித் தூரிகையால் தினமும் சுத்தம் செய்து, வருசத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுங்கள். ஈறில் இரத்தமோ சீழோ வந்தால் வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள், எலும்பு வலியில்லாமலே கரையும். பல் ஆடினால் அதில் மெல்வதை நிறுத்தி, அட்டையோடு அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். ஆடியபடியே மென்றால் உள்ளே திருகாணி முறியும், முறிந்த துண்டை எடுப்பது பெரிய வேலை.