குன்றுக்குக் கைப்பேசி, கித்தா மரத்து இருட்டுக்குக் கேமரா

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஊரைப் படமெடுக்கத் தொடங்கும் இளையோர் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: கையிலிருக்கும் கைப்பேசியே போதுமா, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கத்தான் வேண்டுமா? குன்று, பனிமூட்டம், செம்பனைத் தோட்டம் போன்ற இயற்கைக் காட்சிகளுக்குக் கேமரா தேவை என்றும், கடைத்தெருவுக்கும் வீட்டு வாசலுக்கும் கைப்பேசி போதும் என்றும் அவர்களுள் பெரும்பாலோர் முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். இரண்டையும் சில ஆண்டுகள் ஒருசேரச் சுமந்து திரிந்த நான் இதற்கு நேர்மாறான முடிவுக்கே வந்திருக்கிறேன்.

முதலில் குன்றுகள். பாடாங் ரெங்காஸ் பக்கம் குனோங் போண்டோக் போல, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றைக் காலையில் எடுக்கும்போது, வானம் மிகவும் வெளுத்தும் குன்றின் அடிவாரம் மிகவும் இருண்டும் இருக்கும். கைப்பேசி அந்த ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்துவிடுவதால், வானமும் அடிவாரத்துப் புதரும் ஒரே படத்தில் விவரத்தோடு அமைகின்றன. கேமராவில் அதே விளைவைப் பெற வேண்டுமானால் திருத்தம் எதுவும் செய்யாத ரா கோப்பாகப் பதிவு செய்து, வீடு திரும்பிக் கணினியில் உட்கார்ந்து நிழலை உயர்த்த வேண்டும். ஏ4 அளவுத் தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினால், நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எட்ட நின்று பார்ப்பவர் கண்டுபிடிப்பது கடினம். மாலை மழை திடீரென்று பிடித்துக்கொள்ளும் நம் ஊரில், நீர் புகாத கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்கலாம் என்பதும் சிறிய வசதியன்று.

கைப்பேசி தோற்கும் இடங்கள் இயற்கைக் காட்சியிலும் இரண்டு உண்டு. செம்பனை மட்டைகளின் நெருக்கமான இலைகளை அது செயற்கையாகக் கூராக்கப் பார்க்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இலை தெரியாது, தூரிகையால் தீட்டியது போன்ற பச்சைக் குழைவே தெரியும். பனிமூட்டத்தையோ குறையென்று எண்ணித் துடைத்துவிட முயல்கிறது. திரையைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டு எடுத்தால் இந்த இரண்டாவது குறை சில வேளைகளில் ஓரளவு குறையும்.

இனி, என் முடிவுக்கு உண்மையான காரணமான பால்மரக் காட்டுக்கு, அதாவது கித்தா (ரப்பர்) தோட்டத்துக்கு வருகிறேன். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் நாள் முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டதால், பேராக்கில் இன்று ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான் சூரியன் எழுகிறது. மரத்தின் உட்பகுதியில் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியலுக்கு முன்னரே பட்டையைச் சீவினால்தான் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே மரம் வெட்டுபவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர்கள், தலைவிளக்கோடு இருட்டிலேயே தீம்பாருக்குள் (மரங்கள் நிற்கும் தோட்டப் பகுதிக்குள்) இறங்கிவிடுகிறார்கள். படமாக்கத்தக்க வேலை முழுவதும் அந்த இருட்டுக்குள்தான் நடக்கிறது.

அங்கே, ஒளியைப் படமாக மாற்றும் உணரியின் அளவு தன் வேலையைக் காட்டுகிறது. பெரிய உணரி கொண்ட கைப்பேசிகள் பலவற்றிலும் அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர்தான். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர உணரி அளவு கொண்ட கேமராவிலோ ஏறத்தாழ 23.5க்கு 15.6. பரப்பில் ஐந்து மடங்கு. இந்தக் குறையை ஈடுகட்டக் கைப்பேசியின் இரவுப் பயன்முறை இரண்டு மூன்று விநாடிகளுக்குப் பல படங்களைச் சேர்த்து அடுக்குகிறது. அசையாத மரமும், பால் வடியும் கிண்ணமான மங்கும் அதில் மிகத் துல்லியமாக விழுகின்றன. பட்டையின் மேல் சரிந்து இறங்கும் கத்தியும் அதைப் பிடித்த கையும் ஆவி போல் கரைந்துவிடுகின்றன. மரம் வெட்டுவதைப் படமெடுக்கப் போய், வெட்டும் கை இல்லாத படத்தோடு திரும்புவதில் என்ன பயன்? அதே இடத்தில், நிறைய ஒளியை உள்ளே விடும் எஃப் 1.8 துளையுள்ள 35 மில்லிமீட்டர் லென்ஸோடு, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி, 1/125 விநாடியில் எடுத்தால், படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் இருக்கும். ஆனால் மணிக்கட்டின் திருப்பமும், சுருண்டு விழும் பட்டைச் சீவலும் அப்படியே நிற்கும். புள்ளிகளை நான் ஒருபோதும் குறையாகக் கருதியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்த மூத்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், "என்ன தம்பி, இது பகல் மாதிரி இருக்கு? நாங்க இருட்டுலதான வெட்டுறோம்" என்று கேட்டார். மென்பொருள் இருட்டைப் பிழையாக எண்ணித் திருத்தியிருந்தது. அவர் அறுபது வயது வரை எழுந்து நடந்த அந்த இருட்டே படத்திலிருந்து காணாமல் போயிருந்தது. கேமராவில் இருட்டை இருட்டாக விடுவது எடுப்பவரின் விருப்பத்தில் உள்ளது.

கடைத்தெருவில் தீர்ப்பு இத்தனை தெளிவாக இல்லை. ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றுபவரோ மளிகைக்கடை வாசலில் நாளிதழ் படிப்பவரோ கைப்பேசியைக் கண்டு தோரணையை மாற்றிக்கொள்வதில்லை. கேமராவைத் தூக்கினால் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் கைப்பேசியின் முதன்மை லென்ஸ் மிக அகலமான பார்வை கொண்டது; முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்து, ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார். ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் முழுச் சட்டக (பிலிம் சுருள் அளவு உணரி) கணக்கில் ஏறக்குறைய 53 மில்லிமீட்டருக்கு நிகராவதால், முகம் முகமாக இருக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டின் சிறிய சமையலறைக்குள் மட்டும் அந்த லென்ஸ் போதாது. பின்னால் நகரச் சுவர் இடம் தராது. அங்கே கைப்பேசியே கைகொடுக்கும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் எல்இடி விளக்குகளின் கீழ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரக்குறைவான விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மின்னி, படத்தில் கறுப்புப் பட்டைகளை விழச் செய்யும். கேமராவில் 1/50 அல்லது 1/100 விநாடியைத் தேர்ந்து இதைத் தவிர்க்கலாம்.

பிலிம் கேமராவை யாராவது பரிந்துரைத்தால் என் பதில் சுருக்கமானது. அதன் வண்ணம் அழகியது, ஆனால் ஒரு சுருளில் 36 படங்கள்தான். விடியல் இருட்டில் ஐஎஸ்ஓ 400 சுருள் போதாது. தாத்தாவின் கேமரா வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று வாங்காதீர்கள்.

பராமரிப்பில் கைப்பேசிக்கே முழு மதிப்பெண். நம் ஈரக்காற்றில் லென்ஸின் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் துணிகளோடு ஓராண்டு வைத்துவிட்டு நான் இழந்த ஒரு லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்திவலை போன்ற இழைகள் பரவியிருந்தன. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் உலர்பெட்டியைக் கேமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே தோட்டத்துக்குப் போனால் கண்ணாடியில் நீர்த்திவலை படிந்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்த பின் திறப்பது நல்லது.

ஆகவே குன்றையும் ஆற்றையும் பகல் தெருவையும் எடுக்க விரும்புபவர் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. தோட்டத்து மனிதர்களின் உழைப்பை எடுக்க விரும்புபவர், புதிய மாடலைத் தேடாமல், பிறர் பயன்படுத்திய ஏபிஎஸ்-சி கேமரா ஒன்றையும் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றையும் உலர்பெட்டியையும் வாங்கட்டும். தோட்ட அலுவலகத்தில் அனுமதியும் கேட்டுக்கொள்ளட்டும். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதைக் கண்டு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். அவருடைய படத்தை நம் ஊரில் எளிதில் காணலாம். அவர் காலத்தில் விடியுமுன் மரம் வெட்டிய நம் பாட்டிமார் வேலையில் இருக்கும் படத்தை, நான் சென்ற லயன் வீடு எதிலும் இன்னும் பார்க்கவில்லை. கித்தா போய்ச் செம்பனை நிறைந்துவிட்ட இந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் சில நிரைகளில் இன்றும் சிலர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கருவியில் எடுத்தாலும் ஒரு பிரதியை அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.