பெட்டியும் சான்றிதழும் போக மிச்சம் என்ன? தங்கமுலாம் நினைவு நாணயங்கள் பற்றிய மதிப்பாய்வு

முழுப்பக்க விளம்பரம், நீல வெல்வெட் பெட்டி, வரிசை எண் போட்ட சான்றிதழ், நடுவில் கொட்டை எழுத்தில் '24 காரட் தங்கம்'. தபாலிலும் இணையத்திலும் தனியார் நிறுவனங்கள் விற்கும் இந்த வகை 'நினைவு நாணயங்கள்'தான் இங்கே மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் சந்தாத் திட்டங்களையும், பிளாஸ்டிக் உறையில் தரமிட்டு விற்கப்படும் நாணயங்களையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். மேசையில் வைக்க அழகான ஒரு பொருள் வேண்டும் என்றால் முலாம் நாணயத்தை வாங்கலாம். சேகரிப்புக்கோ சேமிப்புக்கோ என்றால் வாங்கக் கூடாது. இது ஏன் என்பதை அந்த விளம்பரத்தின் எழுத்துகளே சொல்லிவிடும், பொறுமையாகப் படித்தால்.

முதலில் பார்க்க வேண்டியது முகமதிப்பு. ஒரு நாடு சட்டப்படி வெளியிட்டது என்றால் பெரும்பாலும் நாட்டின் பெயரும் மதிப்பும் அதன் மேல் அச்சாகியிருக்கும். இரண்டும் இல்லாதது பெரும்பாலும் பதக்கம். பதக்கம் தாழ்ந்த பொருள் அல்ல, நல்ல பதக்கங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் பதக்கத்தை நாணயம் என்று சொல்லி விற்பது ஏமாற்று. 'அஞ்சலிப் பதிப்பு', 'நினைவுப் படைப்பு', 'அதிகாரபூர்வ வடிவமைப்பைத் தழுவியது' என்ற சொற்கள் வந்தால் பெரும்பாலும் அது பதக்கமோ நகலோதான். அமெரிக்காவில் 1973-இல் வந்த பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம், பழைய நாணயங்களின் நகல்களில் 'காப்பி' என்ற சொல் பொறித்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் விளம்பரப் படத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால், மறுபக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தச் சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி விற்பவர்களும் இருக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் பின்புலம் லேசாகக் குழிந்து, பளபளப்பு மாறித் தெரியும்.

அடுத்தது தங்கம். 'தூய 24 காரட் தங்கப் பூச்சு' என்ற வாசகத்தில் பொய் இல்லை. பூசியது தூய தங்கமாகவே இருக்கலாம். எவ்வளவு பூசியிருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். சில விளம்பரங்களின் பொடி எழுத்தில் 14 மில்லிகிராம் என்று இருக்கும். அமெரிக்க அரசு 2006 முதல் வெளியிடும் காட்டெருமை உருவத் தங்க நாணயத்தின் விட்டம் 32.7 மி.மீ., தடிமன் ஏறக்குறைய 3 மி.மீ., உள்ளே இருக்கும் தங்கம் 31.1 கிராம். அதே அளவு வட்டில் 14 மில்லிகிராம் தங்கத்தைப் பரப்பினால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். இரு முகமும் விளிம்பும் சேர்ந்த பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. தங்கத்தின் அடர்த்தி 19.3. வகுத்துப் பார்த்தால் பூச்சின் தடிமன் 0.4 மைக்ரானைக்கூடத் தொடாது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்தக் காட்டெருமை நாணயத்தில் உள்ள தங்கத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இதில் இல்லை. துணியால் நாலு முறை அழுத்தித் துடைத்தால் உருவத்தின் மேடான இடங்களில், கன்னத்திலும் மூக்கிலும், அடியில் உள்ள உலோகம் எட்டிப் பார்க்கும். அதை உருக்கித் தங்கம் எடுக்க எந்தப் பொற்கொல்லரும் முன்வர மாட்டார்.

வெள்ளியிலும் இதே கதை. '100 மில் .999 வெள்ளி' என்று கட்டிகளிலும் வட்டுகளிலும் அச்சடித்திருப்பார்கள். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 100 மில் என்பது 2.54 மி.மீ. பூச்சே அவ்வளவு இருந்தால் அந்த வட்டு முழுக்க வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் அந்த முத்திரைக்கு ஒரே பொருள்: இது முலாம். 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளி பெயரில் மட்டும்தான். அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. 'ஒரு அவுன்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த அவுன்ஸ் என்று கேளுங்கள். தங்கம் வெள்ளிக்கான ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம், சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். எடையை எழுதி, அது எந்த உலோகத்தின் எடை என்று எழுதாமல் விடுவதும் வழக்கமான தந்திரம். மொத்த எடை, தூய்மை, தூய உலோகத்தின் எடை என்ற மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் விவரம் முழுமை.

இந்த வகை விற்பனை நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 2004-இல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்தின் நினைவாக என்று ஒரு தனியார் நிறுவனம் 'வெள்ளி டாலர்' விற்றது. அரசு அனுமதி பெற்ற வெளியீடு என்றும், தாக்குதலில் இடிந்த இடத்திலிருந்து மீட்ட வெள்ளியால் ஆனது என்றும் விளம்பரம். உண்மையில் அது மலிவான உலோகத்தின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. வெளியீட்டாளராகக் காட்டப்பட்ட வடக்கு மரியானா தீவுகள் அமெரிக்க ஆட்சிப்பகுதி, அதற்கு நாணயம் அச்சிடும் அதிகாரமே கிடையாது. நீதிமன்றம் விற்பனையைத் தடுத்தது. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் மட்டும் போதாது, அந்த நாட்டுக்கு நாணயம் வெளியிடும் உரிமை இருக்கிறதா, அதன் மத்திய வங்கியின் அல்லது நிதி அமைச்சகத்தின் அறிவிப்பில் இந்த வெளியீடு இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

உரிமை உள்ள நாடுகளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நியுவே, குக் தீவுகள், பலாவ் போன்ற சிறு நாடுகளின் பெயரில் வரும் வெள்ளி நாணயங்கள் பல, வேறு நாட்டு நாணய அச்சகங்களில் உலகச் சேகரிப்பாளர்களுக்காகவே தயாராகின்றன. அவை முறைப்படியான நாணயங்கள், பலவும் வேலைப்பாட்டில் அருமையானவை. ஆனால் வெளியீட்டு நாட்டின் கடைத்தெருவில் அவை ஒரு நாளும் புழங்கியிருக்காது. 'சட்டப்படி செல்லும் பணம்' என்ற வாசகத்தை நம்பி, தேவைப்பட்டால் வங்கியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனின் அரசு நாணய அச்சகமான ராயல் மின்ட்டே 2013-இல் 20 பவுண்டு வெள்ளி நாணயத்தை முகமதிப்புக்கே விற்றது. பிறகு 50, 100 பவுண்டு நாணயங்களும் வந்தன. திருப்பிக் கொடுக்கப் போனவர்களிடம் வங்கிகள் வாங்க மறுத்தன. வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குச் சட்டத்தில் இல்லை. 20 பவுண்டு நாணயத்தில் இருந்த வெள்ளியோ 15.71 கிராம்தான்.

'குறைந்த எண்ணிக்கை' என்ற சொல்லை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். 'அதிகபட்சம் 50,000' என்றால் அது உச்சவரம்பு. அச்சடித்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு. 'குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்' என்பது எண்ணிக்கை வரம்பே இல்லை, அந்த நாட்களுக்குள் எத்தனை ஆர்டர் வந்தாலும் அத்தனையும் அடிப்பார்கள். அதே வடிவத்தை வேறு உலோகத்தில், வேறு அளவில், வண்ணம் பூசி, அடுத்த ஆண்டு எண் போட்டு மறுபடி வெளியிடுவார்களா என்பதும் முக்கியம். 1926-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஆரிகன் டிரெயில் நினைவு அரை டாலரை ஆண்டும் அச்சகக் குறியும் (எந்த நாணய அச்சகத்தில் அடித்தது என்ற குறி) மாற்றி மாற்றி 1939 வரை அடித்தார்கள். முழுத் தொகுப்பு வேண்டும் என்பவர் ஒவ்வொன்றையும் வாங்க வேண்டியிருந்தது. 1936-இல் சின்சினாட்டி அரை டாலர், அந்த நகரம் இசை மையமாகி 50 ஆண்டு ஆனதற்காக என்று வந்தது. 1886-இல் அங்கே கொண்டாடும்படியான இசை நிகழ்வு எதையும் யாராலும் சுட்ட முடியவில்லை. அமெரிக்க அரசின் மூன்று நாணய அச்சகங்களிலும் தலா 5,000 மட்டும் அடித்து, விநியோகம் முழுவதும் ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்தது. இத்தகைய முறைகேடுகளால் சலித்துப்போய் அமெரிக்கா நினைவு நாணயங்களையே நிறுத்தி வைத்தது. பிறகு 1982-இல்தான் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த 250-ஆம் ஆண்டு அரை டாலரோடு அவை ஒழுங்காகத் திரும்பின.

தரமிட்டு உறையிடப்பட்ட நாணயங்களில் நிலைமை இதைவிட எவ்வளவோ தேவலை. நாணயத்தின் நிலையைப் பார்த்துத் தரமிடும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய இரண்டின் உறைகளுக்குச் சந்தையில் மரியாதை உண்டு. உறை எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். எண் சரியாக வந்தால் மட்டும் போதாது. போலி உறை தயாரிப்பவர்கள் உண்மையான எண்ணைத்தான் நகலெடுப்பார்கள். அதனால் நாணயத்தில் உள்ள ஒரு சிறு புள்ளியோ கீறலோ படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். 'முதல் அச்சு' என்ற லேபிளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். வெளியீட்டிலிருந்து முதல் 30 நாட்களுக்குள் தரமிடும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தவை என்பதே அதன் பொருள். புது அச்சில் முதலில் அடித்தது என்று அது உறுதி தராது. 'ப்ரூஃப்' என்பதும் தரம் அல்ல. மெருகேற்றிய அச்சால் தனிக் கவனத்தோடு அடிக்கும் தயாரிப்பு முறை அது. 'ப்ரூஃப் போன்ற மெருகு' என்று எழுதியிருந்தால் அது ப்ரூஃப் இல்லை.

புழக்க நாணயத்துக்கு வண்ணம் அல்லது தங்கமுலாம் பூசி விற்பது இன்னொரு கிளை. 1999 முதல் 2008 வரை வந்த அமெரிக்க மாநிலக் கால் டாலர்களைத் தனியார் பலர் இப்படி அலங்கரித்து விற்றார்கள். இரண்டு யூரோ நினைவு நாணயங்களுக்கும் இதே கதி. பூசியவுடன் தரமிடும் நிறுவனங்கள் அதைச் 'சிதைக்கப்பட்டது' என்று ஒதுக்கிவிடும். பூசாத நாணயமே மதிப்புள்ளது. பூச்சுக்காகப் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்து மதிப்பைக் குறைத்துக்கொள்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

அசல்தானா என்று வீட்டில் பார்ப்பதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், ஒரு காந்தம் போதும். எடையும் விட்டமும் முதலில். பிறகு அடர்த்தி. தராசின் மேல் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி உதிருங்கள். இப்போது தராசு காட்டுவதே நாணயத்தின் கன அளவு. வெளியில் நிறுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 1983 முதல் 2018 வரையிலான அமெரிக்க நினைவு வெள்ளி டாலர் 90 சதவீதம் வெள்ளி, எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ. தண்ணீரில் அது சுமார் 2.59 காட்ட வேண்டும். அதே எடையில் செம்பு நிக்கல் வட்டு என்றால் 3.00 காட்டும். தூய வெள்ளியின் அடர்த்தி 10.49. உறையில் இருப்பதையும் ப்ரூஃப் நாணயத்தையும் இப்படி நனைக்கக் கூடாது, கறை படிந்துவிடும். டங்ஸ்டன் உள்ளே வைத்துத் தங்கம் மூடிய போலியை இந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது, ஏனென்றால் இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று. பெரிய தங்க நாணயத்தை எக்ஸ்-கதிர் கருவியும் மீயொலிக் கருவியும் உள்ள இடத்தில்தான் சோதிக்க வேண்டும். எக்ஸ்-கதிர் கருவி மட்டும் போதாது, அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும்.

காந்தத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. ஒட்டினால் போலி என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இரண்டு யூரோவின் நடுப்பகுதியில் நிக்கல் அடுக்கு உண்டு, அது லேசாகக் காந்தத்தை இழுக்கும், வெளி வளையம் இழுக்காது. 25.75 மி.மீ. விட்டமும் 8.5 கிராம் எடையும் சரியாக இருந்து, நடுவில் துளியும் இழுக்காமலோ, வளையம் சேர்ந்து இழுத்தாலோ சந்தேகப்பட வேண்டும். 2007-இல் தன் இளவரசியாக இருந்த கிரேஸ் கெல்லி நினைவாக மொனாகோ வெளியிட்ட இரண்டு யூரோ 20,001 மட்டுமே என்பதால், போலி செய்பவர்களின் கண் அதன் மேல் எப்போதும் உண்டு.

சில்லறையில் கிடைக்கும் நினைவு நாணயத்துக்கும் போலி வரும் என்பதற்கு 2009-இல் பிரிட்டன் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்காக வெளியிட்ட 50 பென்ஸ் உதாரணம். 2,10,000 மட்டும் அடித்தது. அசல் 27.3 மி.மீ., 8 கிராம். லென்ஸில் பார்த்தால் அதில் உள்ள அடுக்குக் கோபுரத்தின் கூரை வரிகளும் அதைச் சுற்றிய கொடியின் இலைகளும் கூர்மையாக இருக்கும், அரசியின் கழுத்துக்குக் கீழே ஐஆர்பி என்ற செதுக்கியவரின் முதலெழுத்துகள் தெரியும். போலியில் வரிகள் மழுங்கி, பின்புலத்தில் மணல் தெறித்தது போன்ற புள்ளிகள் தெரியும். 2019-இல் அதே கோபுரம் சேகரிப்புத் தொகுப்புக்காக மீண்டும் அச்சானது. அது அசல்தான், ஆனால் 2009-இன் மதிப்பு அதற்குக் கிடையாது. விற்பனைப் படத்தில் கோபுரப் பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கப் படம் வராமல் பணம் அனுப்ப வேண்டாம்.

கடைசியாகச் சந்தா. முதல் நாணயம் மிகக் குறைந்த விலையில் அல்லது இலவசமாக வரும். பொடி எழுத்தில், தொடர் வரிசையில் சேர ஒப்புக்கொண்டதாக ஒரு வரி இருக்கும். அடுத்த மாதம் முழு விலைப் பட்டியலோடு இரண்டாவது பெட்டி வந்து நிற்கும். ஆர்டர் பக்கத்தில் ஏற்கெனவே குறியிட்ட கட்டங்களை எடுத்துவிடுங்கள், பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்வதைத் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் எழுத்தில் அனுப்பித் தேதியோடு வைத்திருங்கள். பெட்டி வந்தால் பிரிக்கும் முன்பே எடை, முத்திரை, வரிசை எண் தெரியும்படி படம் எடுங்கள். நாணயத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் காப்ஸ்யூலைத் திறக்க வேண்டாம். விரல் ரேகை பட்டுவிட்டால், பயன்படுத்தியது என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுப்பார்கள். காப்ஸ்யூலோடு சேர்த்து நிறுத்து, காலி காப்ஸ்யூல் ஒன்றின் எடையைக் கழித்தாலே முதல் சோதனை முடிந்துவிடும். திருப்பி அனுப்பும் கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, அனுப்பிய நாளா வந்து சேர்ந்த நாளா என்று பார்த்து, அதற்குள் காப்பீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை எடுத்து வையுங்கள்.