திருத்தி எடுத்த ஹொண்டா சி90: சில மாரிகளுக்குப் பிறகு

பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்தி முடித்த அன்று எடுக்கும் படத்தை வைத்து அந்த வேலையை மதிப்பிட முடியாது. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றும் இரண்டு மூன்று மாரியும் அதன்மேல் போக வேண்டும். என்னிடம் இருக்கும் ஹொண்டா சி90 கராஜை விட்டு வந்தபின் அவ்வளவையும் கண்டுவிட்டது. அலங்காரத்துக்கு நிறுத்தி வைத்ததல்ல. வேலைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் தினமும் போகிறது, சில ஞாயிறுகளில் பண்ணைப் பாலத்தைத் தாண்டிக் குறிகட்டுவான் வரைக்கும் ஓடுகிறது. அதனால் எந்த வேலை நின்றது, எது உதிர்ந்தது என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

மாமாவிடமிருந்து வந்தது. 1958இல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை: 89.5 சீசீ, மூன்று கியர், கையில் கிளச் கிடையாது, காலால் கியரை மிதிக்கும்போதே கிளச் விலகிக்கொள்ளும். இலக்கத் தகட்டில் இன்னும் சிங்கள ‘ஸ்ரீ’ இருக்கிறது. 1957இல் அந்த எழுத்தின்மேல் தார் பூசிப் போராடிய ஊர் இது. இன்றைக்கு அதே தகட்டை மினுக்கி வைத்துக்கொண்டு திரிகிறோம்.

கொக்குவில் பக்கத்துக் கராஜ் ஒன்றில்தான் வேலை நடந்தது. எஞ்சினைக் கழற்றிய அன்று மெக்கானிக் அண்ணை சிலிண்டர் தலையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். “தம்பி, இது மண்ணெண்ணெய் குடித்து வளர்ந்த பிள்ளை.” 1990இல் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவற்றில் இதுவும் ஒன்று. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்கைத் தாண்டி ஒயிலில் கலந்து அதன் பசையைக் கெடுத்துவிடும். வால்வுக்கு மேலே பிடித்திருந்த கரியைவிட, இப்படித் தேய்ந்த சிலிண்டர்தான் பெரிய சேதம்.

அதைக் கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோய் உட்சுவரைக் கடைந்து பெருப்பித்து, 0.50 மில்லிமீற்றர் கூடிய பிஸ்ரன் போட்டார்கள். வால்வுகளை இருக்கையில் அரைத்து அமர்த்தினார்கள், ரைமிங் செயின் புதிது. மொத்த வேலையிலும் குறைந்த பணம் பிடித்த பகுதிகளில் ஒன்று இது. இன்றுவரை ஒரு குறையும் சொல்ல முடியாததும் இதுதான். காலையில் இரண்டாவது உதையில் பிடிக்கிறது, நீலப்புகை இல்லை, ஒயில் மட்டம் இறங்குவதில்லை. வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீற்றருக்கு வைத்துக்கொண்டு, ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். இதில் கழற்றி மாற்றும் ஒயில் வடிகட்டி எதுவும் இல்லை. ஆகவே ஒயில் மாற்றுவதில் சோம்பக்கூடாது.

மின்சாரம் வேறு கதை. சி90இன் இந்தப் பழைய வகை 6 வோல்ற், பற்றரியை நம்பித் தீப்பொறி தருவது. பற்றரி இளைத்தால் லைற் மங்குவதோடு நிற்காது, எஞ்சினும் இருமத் தொடங்கும். தீப்பொறிக்கு மின்னைத் துண்டித்துவிடும் பொயின்றின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அது கொஞ்சம் விலகியதும் குணம் மாறிவிடும். கராஜில் வயரை முழுதாக மாற்றித் தந்தார்கள், அது நல்ல வேலை. ஆனால் இரவில் முன் லைற் இன்னமும் குத்துவிளக்குத்தான். சந்தியில் நிற்கும்போது எஞ்சின் வேகம் குறைய அதுவும் சுருங்குகிறது. 12 வோல்றுக்கு மாற்றச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருகிறார்கள். செய்யலாம்தான், நான் இன்னும் செய்யவில்லை. அதுவரை இருட்டியபின் ஏ9 வீதிப்பக்கம் இதைக் கொண்டுபோவதில்லை.

இனிப் பெயின்ற். செலவில் பெரும்பங்கு இதற்கும் குறோமுக்கும்தான் போனது, முதலில் விட்டுக்கொடுத்ததும் இவைதான். சைலென்சரின் குறோம் முதல் மாரியிலேயே புள்ளி புள்ளியாகச் செம்பழுப்பு காட்டியது. அடியில் நிக்கல் பூச்சு மெல்லியதாக இருந்தால் மேலே குறோம் எவ்வளவு மின்னினாலும் உப்பு அதன் நுண்துளை வழியாக இரும்பைத் தொட்டுவிடும். பூச்சு போட்டுத் தந்த கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். “கடல்பக்கம் ஓடினால் இப்படித்தான்” என்றார்கள். குடாநாட்டில் கடல்பக்கம் இல்லாத ஊர் எதுவென்று நானும் கேட்கவில்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது சட்டகம். கப் வகையின் சட்டகம் குழாயால் ஆனதல்ல, தகட்டை அமுக்கிச் செய்த உட்குழிவான உடல். பின்சில்லு எறியும் சேறு மட்காட்டின் உட்புற மூலையில் ஒட்டி, மாரி முழுதும் ஈரத்தோடு கிடக்கும். துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. வெளியே குமிழி தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். எங்கள் கராஜில் இரண்டு இடத்தில் பழைய தகட்டை வெட்டிப் புதியது ஒட்டினார்கள். ஒட்டு நிற்கிறது. ஆனால் உட்புறத்தில் பூசியது ஒரு சாதாரண அடிப்பூச்சு மட்டும். வெளியே மூன்று கை நிறமும் அதன்மேல் வார்னிஷும் அடித்தவர்கள் உள்ளே இன்னொரு கை ஓட்டியிருந்தால் எவ்வளவு புண்ணியமாக இருந்திருக்கும்! வேலை கொடுக்கப்போகும் எவரும் நிறத்தைத் தெரிவு செய்வதற்கு முன் மட்காட்டுக்குள் கையை விட்டுப் பார்க்கவும்.

பெற்றோல் தாங்கியின் துருவுக்குக் கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கினார்கள். அது போதவில்லை, துருத்தூள் காபரேற்றர் ஜெற்றை அடைத்தது. குழாயின் நடுவே ஒரு சிறிய வடியைப் பொருத்திய பிறகு தொல்லை தீர்ந்தது.

உதிரிப் பாகங்கள் குறித்துக் கவலை வேண்டாம். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருக்கும், பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள். சீனத் தயாரிப்பு பிறேக் கட்டைகள் சீக்கிரம் கண்ணாடிபோல் வழுக்கத் தொடங்கிவிடுகின்றன. தாய்லாந்துத் தயாரிப்பு எனக்குச் சரிவந்தது. ஜப்பான் பழைய பாகம் தேய்ந்திருந்தாலும் எறியாமல் வாங்கி வைத்துக்கொள்கிறேன். அளவு எடுக்க உதவும்.

ஓட்டும் சுகத்தைச் சொல்ல வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் இதற்குப் பொருத்தமான வேகம். முன்பிறேக்கை அழுத்தினால் முன்பக்கம் தாழாமல் எழும்புவது, புதிதாக ஏறுபவரைத் திடுக்கிட வைக்கும். முன்சில்லுத் தொங்கல் அமைப்பு அப்படி. பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்க, பின்னால் ஆளும் இருந்தால், மூன்றாம் கியர் இழுக்காது. இரண்டில் பொறுமையாகப் போக வேண்டும். செயினை முழுதாக மூடியிருக்கும் உறை மணலுக்கு நல்ல காவல். கால் மறைப்பு மழைச் சேற்றிலிருந்து வேட்டியைக்கூடக் காப்பாற்றுகிறது.

இதன் அருமை அயலுக்குத் தெரிந்தது 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில். கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்தபோது, அந்த அளவில் எனக்குப் பெரும்பாலும் மிச்சம் வந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழையவற்றின் விலையும் ஏறியது; வீட்டுப் பின்புறம் கோழிக்கூட்டுக்கு அருகில் கிடந்தவையெல்லாம் கராஜுக்கு வந்தன. கராஜ்காரர்களுக்குக் கைநிறைய வேலை, எங்களுக்குக் காத்திருப்பு.

காத்திருப்பில் கவனிக்க இன்னொன்றும் உண்டு: எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பெயின்ற் அடிக்கும் முன்பே பாருங்கள். இலக்கத்தை மறைத்து நிறம் அடித்துவிட்டால் பின்னர் சுரண்டிக் காட்ட வேண்டி வரும். நிறம் மாறினால் பதிவிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களது பழைய நீலமே. அந்த அலைச்சல் இல்லை.

இதே கராஜுக்கு இன்னொரு வேலை கொடுப்பேனா? எஞ்சினுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். பெயின்றுக்குக் கொடுக்கமாட்டேன். ஐப்பசி பிறப்பதற்குள் மட்காட்டின் உட்புறத்தைச் சுரண்டித் தார் பூசித் தரும்படி கேட்டிருக்கிறேன். மெக்கானிக் அண்ணை “அடுத்த கிழமை கொண்டு வாரும் தம்பி” என்று சொல்லிச் சில கிழமைகள் ஆகின்றன.