மிச்சக் கோப்பும் அறுந்த இணைப்பும்: ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்கு எது சரிப்படும்?

தை பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. விழாக் குழுவுக்கு ஒரு பேனர், காளைக்கு ஒரு பேனர், காளைக்காரருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் தனித்தனிப் பேனர். அது ஓய்வதற்குள் மாசியில் காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளை, அப்புறம் ஊர்ப் பண்டிகைகள், கல்யாணப் பத்திரிகைகள். கோடை வருவதற்குள் தர்மபுரி, அரூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி என்று எந்த ஊர் டிடிபி கடையில் போய்ப் பார்த்தாலும் சி டிரைவ் சிவப்பாகக் கிடக்கும். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டுகளில் பலவற்றைச் சொடுக்கினால் திறக்காது.

இதற்கு நம் பக்கம் புழங்கும் வைத்தியங்கள் சில. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு ஃபார்மட் அடிப்பது, விண்டோஸிலேயே உள்ள வசதியை ஓட்டுவது, சிகிளீனர், பிளீச்பிட், ச்கவ்கா போன்ற மென்பொருள் போடுவது, இல்லையென்றால் கையால் தேடி அழிப்பது. எது நல்லது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் இங்கே இருப்பது இரண்டு வேறு நோய். மிச்சக் கோப்பு என்பது யாரும் தேடாத கோப்பு. அழித்தால் இடம் கிடைக்கும், வேறு ஒன்றும் ஆகாது. அறுந்த இணைப்பு, அதாவது இடத்தில் இல்லாத கோப்பைச் சுட்டும் ஷார்ட்கட்டோ படத் தொடர்போ, அப்படியில்லை. அது சில பைட்டுகள் மட்டுமே. அழித்தாலும் இடம் மிச்சமாகாது. ஆனால் 'இந்தப் படம் முன்பு இங்கே இருந்தது' என்று சொல்லும் ஒரே சாட்சி பல நேரம் அதுதான். முதல் நோய்க்கான மருந்தை இரண்டாவதற்கும் கொடுப்பதால்தான் பாதிக் கடைகளில் வேலை கெட்டுப்போகிறது.

ஃபார்மட்

சில நூறு ரூபாயில், அரை நாளில் முடிகிறது. சி டிரைவில் மிச்சக் கோப்பு ஒன்றுகூட மீதம் இருக்காது. ஷார்ட்கட்டும் இருக்காது, அதனால் அறுந்த ஷார்ட்கட்டும் இருக்காது. இந்த வகையில் இதை மிஞ்ச எதுவுமில்லை.

ஆனால் டிசைனை ஃப்ளெக்ஸ் மெஷின் அச்சிடும் வடிவுக்கு மாற்றும் ஆர்ஐபி மென்பொருள், அதன் உரிமத்துக்காகச் செருகும் டாங்கிளின் டிரைவர், மாதக்கணக்கில் சரிபார்த்து வைத்த கலர் புரொஃபைல், பழைய பத்திரிகைகளைத் திறக்க வேண்டிய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் கூடவே போய்விடும். இ-சேவை மையமும் சேர்த்து நடத்துபவர் என்றால் கைரேகைக் கருவியை இயக்கும் ஆர்டி சர்வீஸ் மென்பொருளை மறுபடி நிறுவி, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஃபார்மட் அடிக்கும் முன் சர்வீஸ் ஆள் டெஸ்க்டாப்பை முழுசாக டி டிரைவில் 'பழைய டெஸ்க்டாப்' என்று போட்டு வைப்பார். அடுத்த வருடம் அதற்குள்ளேயே இன்னொரு 'பழைய டெஸ்க்டாப்'. மிச்சக் கோப்பை ஒழிக்கப் போய் மிச்சக் கோப்பை உண்டாக்கும் ஒரே வைத்தியம் இதுதான். ஹார்ட் டிஸ்கே பழுதாகவில்லை, வைரஸும் பரவவில்லை என்றால் ஃபார்மட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸோடு வருவது

டிஸ்க் கிளீனப் விண்டோஸ் 98 காலத்து ஆள். மைக்ரோசாஃப்ட் இதை 2018-லேயே ஓய்வுப் பட்டியலில் சேர்த்துவிட்டது, ஆனாலும் இன்னும் ஓடுகிறது. வாரிசாக வந்தது ஸ்டோரேஜ் சென்ஸ், 2017-இல் விண்டோஸ் 10-இல் சேர்ந்தது. வேறுபாடு என்னவென்றால், முன்னது நீங்கள் கூப்பிட்டால்தான் வரும். பின்னதைத் தானாக ஓடும்படி வைக்கலாம். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்ததைத் தானே காலி செய்யும்.

அப்டேட் போட்டபின் மிஞ்சும் பழைய கோப்புகள்தான் சி டிரைவில் பெரிய சுமை. அவற்றைப் பத்திரமாக எடுக்க நம்பக்கூடியவை இந்த இரண்டும். டிஸ்க் கிளீனப்பில் 'சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை ஒருமுறை அழுத்தினால்தான் அந்தப் பட்டியல் தெரியும். அதை அழுத்தாமலே 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்பவர்கள் நிறைய. புதிய விண்டோஸுக்கு மாறியபின் பழைய விண்டோஸ் ஒரு ஃபோல்டரில் 10 நாள் இருக்கும், பிறகு தானே போய்விடும். அந்த 10 நாளுக்குள் அவசரப்பட்டு அதை அழித்தால் பழையதற்குத் திரும்ப வழியில்லை.

டவுன்லோட்ஸ் விஷயத்தில் மட்டும் கவனம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் வந்து உட்கார்ந்தது. பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் டிக் செய்தவர்கள் இழந்தார்கள். பின்னர் அதை எடுத்துவிட்டார்கள். ஸ்டோரேஜ் சென்ஸில் அந்த வசதி இன்னும் உண்டு, ஆனால் நீங்களாக இயக்காமல் ஓடாது. டிடிபி கடைக்கு அது வேண்டாம். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முகப் படமெல்லாம் அங்கேதான் இறங்கிக் கிடக்கும். இ-சேவை மையத்துக்கோ அது நிச்சயம் வேண்டும். யாரோ ஒருவரின் ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் அந்த மேசைக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் கிடப்பது நியாயமில்லை.

இவற்றால் முடியாதது: போட்டோஷாப் பாதியில் நின்றுபோனால் விட்டுச்செல்லும் தற்காலிகக் கோப்பு. ஸ்க்ராட்ச் டிஸ்க்காக, அதாவது போட்டோஷாப் வேலையின் நடுவே தற்காலிகமாக எழுதும் இடமாக, டி டிரைவைக் கொடுத்திருந்தால் அது டி டிரைவின் வாசலிலேயே கிடக்கும். 20 அடிப் பேனர் வேலை என்றால் பல ஜிபி. விண்டோஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அறுந்த இணைப்பு பற்றியும் இந்த இரண்டுக்கும் ஒன்றும் தெரியாது.

விண்டோஸ் 7 ஓடும் கம்ப்யூட்டர் இன்னும் சில கடைகளில் உண்டு. அதில் வாராந்திரப் பராமரிப்பு என்று ஒன்று பின்னால் ஓடும். டெஸ்க்டாப்பில் நான்குக்கு மேல் அறுந்த ஷார்ட்கட்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் கேட்காமலே எடுத்துவிடும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகாத நேரத்தில் அதைக் காட்டும் ஷார்ட்கட்டும் அதன் கண்ணுக்கு அறுந்ததுதான். 'காலையில் வந்து பார்த்தா ஐகானே காணோம்ணா' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் வைரஸ் இல்லை, இதுதான் இருக்கிறது.

சிகிளீனரும் பிளீச்பிட்டும்

சிகிளீனர் 2004-லிருந்து இருக்கிறது, நம் ஊர் சர்வீஸ் பென்டிரைவ்களில் தவறாமல் இருக்கும். அதன் நிறுவனத்தை 2017 ஜூலையில் அவாஸ்ட் வாங்கியது. அதே செப்டம்பரில், 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலைப் புகுத்தி, அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்தே பரவவிட்டிருந்தது வெளியே வந்தது. ஏறத்தாழ 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பை வைத்திருந்தார்கள். பழைய செய்திதான், அப்போதே சரிசெய்தும் விட்டார்கள். ஆனால் பென்டிரைவில் பத்து வருடப் பழைய பிரதியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நிறுவுபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது.

என் மறுப்பு அதைவிட ரெஜிஸ்ட்ரி பொத்தான் மீதுதான். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு. அதில் சில நூறு 'பிழை' காட்டி, சரிசெய்யவா என்று கேட்கும். அவற்றை நீக்குவதால் கிடைக்கும் இடம் ஒரு சின்ன போட்டோவுக்குக்கூடப் போதாது. வேகமும் கூடாது. இத்தகைய ரெஜிஸ்ட்ரி துப்புரவுக் கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. தேவையான பதிவு ஒன்று தவறுதலாகப் போனால், பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கரோ டாங்கிளோ அடம்பிடிக்கும்.

பிளீச்பிட் 2008-இல் லினக்ஸுக்காக வந்து, பிறகு விண்டோஸுக்கும் வந்தது. திறந்த மூலம், இலவசம், விளம்பரமோ 'புரோ வாங்கு' தொல்லையோ இல்லை. 'பிரிவியூ' அழுத்தினால், எந்தக் கோப்பு, எத்தனை எம்பி என்று அழிக்கும் முன்பே வரி வரியாகக் காட்டிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டில் இதையே தேர்ந்தெடுப்பேன். அழித்த கோப்பின்மேல் மறுபடி எழுதி மீட்க முடியாமல் செய்யும் வசதியும் உண்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது பலன் தரும், எஸ்எஸ்டியில் அதை நம்பிவிட முடியாது. எஸ்எஸ்டி தன் உள்ளே எந்த இடத்தில் எழுதுகிறது என்பது மென்பொருளின் கையில் இல்லை.

இரண்டுமே பொதுவான குப்பையைத்தான் அறியும். கோரல்டிரா ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அசல் கோப்புக்குப் பக்கத்திலேயே 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் பழைய பிரதியை வைக்கும். நம் கடைகளில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் அதுதான். அதற்கு எவ்ரிதிங் என்ற தேடல் மென்பொருள் போதும். அந்தத் தொடக்கத்தைத் தட்டச்சிட்டால் எல்லா டிரைவிலும் உள்ளவை ஒரே பட்டியலாக வரும். தேதிவாரியாக அடுக்கி, போன சீசனுக்கு முந்தையதை எல்லாம் அழிக்கலாம். எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க விஸ்ட்ரீ. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிஸ்கின் கோப்புப் பட்டியலை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் படம்போல் காட்டிவிடும். சொந்த உபயோகத்துக்கு இலவசம், கடைக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும்.

ச்கவ்கா, அதில் ஒரு கண்ணி

2020-இல் வந்த இது ஒரே மாதிரியான கோப்புகள், காலி ஃபோல்டர்கள், செல்லாத சிம்லிங்குகள் (வேறு இடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும், டிஸ்க் அமைப்பிலேயே பதியும் இணைப்புகள்) எல்லாவற்றையும் தேடும். வேகம் அபாரம். இலவசம். ஒரே காளைப் படம் பன்னிரண்டு ஃபோல்டரில் இருந்தால் பன்னிரண்டையும் காட்டும். பதினொன்றை அழித்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கை பரபரக்கும்.

நிறுத்துங்கள். பேஜ்மேக்கர் பெரிய படத்தைக் கோப்புக்குள் வைக்காமல் வெளியே இருக்கும் படத்துக்கு இணைப்பு மட்டும் வைக்கும். 256 கேபியைத் தாண்டினால் உள்ளே வைக்கவா என்று கேட்கும், அவசரத்தில் பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அதே வேலைக்கான இன்டிசைனும் இணைப்பில்தான் ஓடுகிறது. ஆக அந்தப் பன்னிரண்டு பிரதியும் 'வீண்' இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு வேலை பிடித்துக்கொண்டிருக்கிறது. பதினொன்றை அழித்தால் அடுத்த தை மாதம் பழைய பேனரைத் திறக்கும்போது படம் இருந்த இடத்தில் மங்கலான கட்டம்தான் இருக்கும். மிச்சக் கோப்பைத் துடைக்கப் போய் அறுந்த இணைப்பைப் பெற்றெடுப்பது இப்படித்தான்.

ச்கவ்காவிலேயே இதற்கு மாற்று உண்டு. அழிப்பதற்குப் பதில் ஹார்ட்லிங்க் ஆக்கலாம். எல்லா இடத்திலும் கோப்பு இருப்பதாகவே தெரியும், டிஸ்கில் ஒரே பிரதிதான் இருக்கும். இணைப்பு எதுவும் அறாது. இரண்டு நிபந்தனை: எல்லாப் பிரதியும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும், ஒரு படத்தைத் திருத்திச் சேமித்தால் மற்ற இடங்களிலும் மாறிவிடலாம். அதனால் முடிந்துபோன பழைய வேலைகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு வேண்டாம்.

இனி வரும் வேலைகளுக்கு அதைவிட நல்ல வழி, முடித்தவுடன் இன்டிசைனில் 'பேக்கேஜ்' போடுவது, பேஜ்மேக்கரில் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது இணைந்த கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கச் சொல்வது. வேலை, படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும்.

அறுந்ததை அழிப்பதா, ஒட்டுவதா

விண்டோஸின் சாதாரண ஷார்ட்கட் வேறு, சிம்லிங்க் வேறு. ச்கவ்கா தேடுவது சிம்லிங்கை. டெஸ்க்டாப், ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்டுகளுக்கு நிர்சாஃப்டின் ஷார்ட்கட்ஸ்மேன் பொருத்தம். அறுந்தவற்றை இளஞ்சிவப்பில் காட்டும், எந்தப் பாதையைத் தேடித் தோற்றது என்பதையும் பக்கத்திலேயே போடும். சிகிளீனரும் அறுந்த ஷார்ட்கட்டை நீக்கும், ஆனால் நீக்குவதோடு சரி. கம்ப்யூட்டர் திறக்கும்போது 'கோப்பு இல்லை' என்று பெட்டி வந்தால் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ். காணாமல்போன கோப்பைத் தேடும் பதிவை மஞ்சளில் காட்டும். அங்கே டிக்கை எடுத்தால் போதும், அழிக்க வேண்டியதில்லை.

அந்தப் பாதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். எல்லா அறுந்த ஷார்ட்கட்டும் 'ஈ' டிரைவைத் தேடினால் நோய் ஷார்ட்கட்டில் இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க் செருகும்போது பென்டிரைவ் ஒன்று முன்னாலேயே ஈ-யைப் பிடித்திருக்கும், இது எஃப் ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்குத் எம் போல ஆங்கில எழுத்து வரிசையில் தொலைவில் உள்ள ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் மறுபடி மாறாது. பழைய இணைப்புகளையும் உயிர்ப்பிக்க வேண்டும் என்றால் அதே ஈ-யைக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை, நூறு இணைப்பு திரும்பி வரும். எந்தத் துப்புரவு மென்பொருளும் இதைச் சொல்லாது.

வாடிக்கையாளர் பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வேறு கதை. அங்கே ஷார்ட்கட் அறுந்திருக்காது. அது வைரஸைத்தான் திறக்கும், அசல் ஃபோல்டர் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டை அழித்துவிட்டு 'காலியா இருக்குதுங்க' என்று பென்டிரைவை ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்தவற்றையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னால் போட்டோ எல்லாம் அங்கேயே இருக்கும்.

லினக்ஸ் போட்டவர்களுக்கு

அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்த காலம் உண்டு. அந்தப் பழைய மெஷின்களில் இப்போது மின்ட் என்ற லினக்ஸைப் போட்டு ஓட்டுபவர்களை ஓசூர்ப் பக்கம் பார்க்கிறேன். அங்கே கடையில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. தேவையற்ற மென்பொருள் பொதிகளையும் பழைய கெர்னல்களையும் (லினக்ஸின் மையப் பகுதிகள்) மென்பொருள் நிறுவும் கட்டளையான 'ஆப்ட்'டின் 'ஆட்டோரிமூவ்' எடுத்துவிடும், இறக்கிய பொதிகளின் சேமிப்பை அதன் 'கிளீன்' எடுக்கும். அறுந்த சிம்லிங்கை 'ஃபைண்ட்' கட்டளையே பட்டியலிடும். பட்டியலை மட்டும் வாங்குங்கள், அழிக்கும் பகுதியை உடனே சேர்க்காதீர்கள். வெளி டிஸ்க் அப்போது மவுன்ட் ஆகாமல், அதாவது கணினியோடு இணையாமல் இருந்தால் அதை நோக்கும் நல்ல இணைப்புகளும் அந்தப் பட்டியலில் வந்திருக்கும். டிஸ்கை மவுன்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டி, அப்போதும் மிஞ்சுகிறவற்றை மட்டும் எடுங்கள்.