பித்தப்பை லேப்ராஸ்கோப்பி: டேப் பிளாக்கை முதலிலேயே போடுவதா, முடித்துவிட்டுப் போடுவதா?

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்த பிறகு வலி மூன்று இடங்களிலிருந்து வரும். போர்ட் (கருவிகள் நுழையும் குழாய்) போட்ட வயிற்றுச் சுவர் ஒன்று, பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் படுகை இன்னொன்று, வயிற்றை விரிக்க ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் தோள்பட்டை வலி மூன்றாவது. டேப் பிளாக் (TAP block), அதாவது அல்ட்ராசவுண்டில் பார்த்து வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே மரப்பு மருந்து விட்டு நரம்பை அடைப்பது, முதலாவதை மட்டும்தான் அடக்கும். எப்போது போட்டாலும் அதில் மாற்றமில்லை. ஆகவே பாராசிட்டமால், வலிநிவாரணி ஊசி, டெக்சாமெத்தசோன் எல்லாம் ஏற்கெனவே போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நேரத்தைப் பற்றிப் பேச முடியும்.

என் ஓட்டு, மயக்கம் கொடுத்தவுடன் போடுவதற்கே. கத்தி படுமுன் நரம்பை அடைத்துவிட்டால் தண்டுவடத்தில் வலியுணர்வு கூர்மையடையாது என்ற வாதத்துக்காக அல்ல. அந்தக் கருத்து விலங்கு ஆய்வுகளில் அழகாக நின்றது. நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. முடிவைத் தீர்மானிப்பது அதைவிடச் சாதாரணமான விஷயம்: மருந்து பிடிக்க ஆகும் நேரம்.

தசைத் தளத்தில் விட்ட மருந்து பரவி நரம்புகளை நனைக்க 15 முதல் 30 நிமிடம் ஆகும். தையல் முடிந்து பிளாக் போட்டால், மூச்சுக்குழாய் டியூபை எடுக்கும்போது அது பாதிகூடப் பிடித்திருக்காது. வலி அதிகமாக இருப்பதோ விழித்த முதல் சில மணி நேரம்தான். நோயாளி முனகுவார், ரெக்கவரியில் ஃபென்டனில், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து ஏறும், ஏற்கெனவே குமட்டல் அதிகமுள்ள இந்த அறுவையில் வாந்தியும் சேரும். பிறகு பிளாக் பிடிக்கும்போது வலி போய்விடும், ஓபியாய்டின் தூக்கம் மட்டும் மிஞ்சும். ஆறாவது மணி நேரத்தில் வலி மதிப்பெண்ணை எடுத்தால் இரண்டு முறையும் ஒன்றுபோலத் தெரியலாம். முதல் மணி நேரத்தைப் பாருங்கள்.

‘மருந்தின் ஆயுள் மேசையிலேயே கரைந்துவிடுமே’ என்பதுதான் வழக்கமான மறுப்பு. சிக்கலில்லாத அறுவை ஏறக்குறைய ஒரு மணி நேரம். மரப்பு மருந்தான 0.25% புபிவக்கெய்ன் இந்தத் தளத்தில் பல மணி நேரம் நிற்கும், அதில் ஒன்று போகிறது. அதுவும் வீணல்ல: போர்ட் குத்தும்போது ரத்த அழுத்தம் எகிறாது, ஃபென்டனில் குறையும். வாயு ஏற்றும்போது ஏறும் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் பிளாக்கிடம் பதில் கிடையாது.

முடிவில் போடுவதில் இன்னொரு தொல்லை, வாயு. தோலுக்கடியில் கொஞ்சம் கசிந்திருந்தாலும் அல்ட்ராசவுண்ட் அதைத் தாண்டாது, திரையில் அடுக்குகள் தெரியாது. புரோப் வைக்க வேண்டிய இடத்திலேயே போர்ட் காயங்களும் டிரெசிங்கும் இருக்கும்.

முதலில் போடும்போது புரோபை விலா விளிம்புக்கு இணையாக, மார்பெலும்பின் கீழ்நுனி அருகில் வைத்து, ரெக்டஸ் தசைக்கும் டிரான்ஸ்வெர்சஸுக்கும் இடையில் ஊசியைக் கொண்டுபோங்கள். 1–2 மி.லி. சலைன் விட்டால் இரு அடுக்கும் பிரிந்து நடுவில் கறுப்பாக ஒரு பட்டை திறக்க வேண்டும். தசையே உப்பினால் ஊசி தளத்தில் இல்லை. நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். தொப்புள் போர்ட்டும் மேல்வயிற்று போர்ட்டும் நடுக்கோட்டில் இருப்பதால் இரு பக்கமும் தலா 20 மி.லி. தேவை. பழக்கதோஷத்தில் இடுப்போரம் போட்டால் மருந்து தொப்புளுக்குக் கீழேயே நின்றுவிடும், மேல்வயிற்று போர்ட் வலிக்கும். ‘பிளாக் பிடிக்கவில்லை’ என்ற புகாரில் பல நேரம் குற்றவாளி நேரமல்ல, இடம்.

முன்னால் போடுவதில் உள்ள உண்மையான ஆபத்து, அளவு. 60 கிலோ நோயாளிக்கு 0.25% புபிவக்கெய்ன் 40 மி.லி. என்றால் 100 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் எல்லை 120. கடைசியில் சர்ஜன் வழக்கம்போல போர்ட்களில் 0.5% மருந்தை 10 மி.லி. ஏற்றினால் இன்னும் 50 சேர்ந்து எல்லை தாண்டிவிடும். டைம்-அவுட்டின்போதே (கத்தி வைக்குமுன் குழு சரிபார்க்கும் நேரம்) சர்ஜனிடம் சொல்லி, பலகையிலும் எழுதிவிடுங்கள். மருந்து அளவு மீறினாலும் மயக்கத்திலிருப்பவர் உதடு மரத்தது, காது இரைகிறது என்று சொல்ல மாட்டார்; முதல் அறிகுறி இதயத்துடிப்பு குழம்புவதாகவே இருக்கலாம். இந்த நச்சுக்கு மாற்று மருந்தான 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) அறையிலேயே இருக்கட்டும். முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி.

அழற்சி முற்றிய பித்தப்பை, முன்பு வயிற்றில் அறுவை நடந்து ஒட்டுகள் உள்ளவர், திறந்த அறுவையாக மாறக்கூடும் என்ற சந்தேகம் — இங்கே கணக்கு மாறுகிறது. மூன்று மணி நேரம் இழுக்கும் கேஸில் முன்கூட்டிப் போட்டது பாதி தீர்ந்திருக்கும். வெட்டு பெரிதானால் அதற்கு ஒதுக்க மருந்தளவும் இருக்காது. அப்போது நான் காத்திருப்பேன், ஆனால் தையல் வரை அல்ல. பித்தப்பையைப் படுகையிலிருந்து பிரிக்கும்போதே, வயிற்றில் வாயு இருக்கையில், கேமரா பார்க்க சர்ஜனைப் போடச் சொல்லலாம். உள்ளே தசையோடு சேர்ந்து மெல்லப் புடைத்தால் சரி. பெரிடோனியம் (வயிற்றின் உள்சவ்வு) மட்டும் கொப்புளமாகத் தூக்கினால் ஊசி ஆழமாகிவிட்டது, பின்னால் இழுக்க வேண்டும்.