பழைய ‘மியூசிக் மைனஸ் ஒன்’ ரெக்கார்டு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

240 டாலர் போய்விட்டது. என்னிடம் விற்ற ஆள் இன்று காலை அடுத்த விளம்பரத்தையும் போட்டுவிட்டார், அதனால்தான் ஆற அமர யோசிக்காமல் உடனே எழுதுகிறேன். அமெரிக்காவில் வேலை முடிந்து வந்து வயலினோ கிளாரினெட்டோ வாசித்துப் பழகுகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்ததாக அவர்களில் ஒருவர் மாட்டக் கூடாது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1950இல் நியூயார்க்கில் இர்விங் கிராட்கா தொடங்கியது மியூசிக் மைனஸ் ஒன். ரெக்கார்டில் மற்ற எல்லோரும் வாசிப்பார்கள், ஒரு வாத்தியம் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் நாம் வாசிக்க வேண்டும். ஷூபர்ட்டின் ‘ட்ரவுட்’ குவின்டெட்டில் பியானோ, வயலின், வயோலா, செலோ, டபுள் பேஸ் என ஐந்து வாத்தியங்கள். எந்த வாத்தியத்தை விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தட்டும் மாறும். கூடவே நம் பகுதியின் நோட்ஸ் அச்சிட்ட புத்தகம் ஒன்றும் வரும். தட்டு, புத்தகம் இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுப்பொருள்.

நான் வயலின் வாசிக்கிறேன். பழைய பொருட்களைத் தனி ஆட்கள் விற்கும் ஆன்லைன் சந்தை ஒன்றில் வயலின் தொகுப்பு ஒன்றைப் பார்த்தேன். ‘ட்ரவுட்’, சில கான்செர்ட்டோக்கள், கூடவே, இதே போலச் சேர்ந்து வாசித்துப் பழகுவதற்கான ஜேமி ஏபர்சோல்டின் ஜாஸ் தட்டுகள் கொஞ்சம். விலை, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 240 டாலர். பணம் கட்டுவதற்கு முன் தெளிவாகக் கேட்டேன்: எல்லாத் தட்டுக்கும் புத்தகம் இருக்கிறதா? வந்த பதிலை இன்று படித்தாலும் வயிறு எரிகிறது. “அப்பாவுடையது. தினமும் சாயங்காலம் இந்தத் தட்டுகளைப் போட்டுக்கொண்டுதான் வாசிப்பார். புத்தகங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. வாசிக்கிற ஒருவர் கைக்குப் போவதில் எனக்குச் சந்தோஷம்.” இறந்துபோன அப்பாவின் வாசிப்பைப் பற்றி இப்படி எழுதுகிற ஒருவரை யார் சந்தேகப்படுவார்கள்? அன்றே பணம் கட்டினேன்.

பெட்டி வந்தது. ஒரு புத்தகம்கூட இல்லை. ‘ட்ரவுட்’ உறையில் வயலின் என்று போட்டிருக்கிறது, உள்ளே இருப்பதோ வயோலா இல்லாத தட்டு. போட்டால் வயலின் கணீரென்று கேட்கிறது! நான் எதை வாசிப்பது? உறையில் ஒரு எண், தட்டின் லேபிளில் வேறு எண். ஏபர்சோல்ட் தட்டுகளில் இரண்டு வெயிலில் வைத்தது போல வளைந்திருந்தன. சுற்றும்போது ஊசி மேலும் கீழும் ஆடி, சுருதி அலைகிறது. இதனோடு எப்படிச் சேர்ந்து வாசிக்க முடியும்?

சொன்னதும் மன்னிப்புக் கேட்டார். “புத்தகங்கள் அப்பா வீட்டு மாடியில் இருக்கும், வார இறுதியில் தேடி அனுப்புகிறேன்.” அடுத்து ஊருக்குப் போயிருக்கிறேன் என்றார். அப்புறம் உடம்பு சரியில்லை என்றார். ஒவ்வொரு செய்தியும் அவ்வளவு பணிவாக இருந்தது. திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்தது, குரல் அடியோடு மாறிவிட்டது. “ஷூபர்ட் நோட்ஸ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே, 15 டாலர் தருகிறேன், விட்டுவிடுங்கள்.” 240 டாலருக்கு 15 டாலர்! அந்தப் புத்தகத்தில், இசை தொடங்குமுன் தாளம் எத்தனை முறை தட்டிக் கேட்கும், எங்கே நாம் நுழைய வேண்டும் என்றெல்லாம் அந்த ரெக்கார்டுக்கென்றே குறித்திருப்பார்கள். இலவச நோட்ஸில் அது எங்கே இருக்கிறது? ஏபர்சோல்ட் தட்டு இன்னும் மோசம். பல தட்டுகளில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும்தான் ஓடும், மெட்டு புத்தகத்தில்தான் இருக்கும்.

சந்தைக்காரர்களிடம் போனேன். முதலில் இயந்திர பதில். பிறகு மனிதர் ஒருவர்: “படத்தில் உறைகள் உள்ளன, உறைகள் உங்களுக்கு வந்துள்ளன, கெடுவும் முடிந்துவிட்டது.” விற்றவர் காலம் கடத்திய செய்திகள் எல்லாம் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன, படியுங்கள் என்றேன். அதே பதிலை இன்னொரு பெயரில் இன்னொருவர் அனுப்பினார். வழக்கை மூடிவிட்டார்கள். 240 டாலர் அங்கேயே நிற்கிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உறைப் படம் போதாது, தட்டின் லேபிளையும் புத்தகத்தின் உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டிலும் எண் ஒன்றுதானா பாருங்கள். ‘பார்க்கப் புதிது போல இருக்கிறது’ என்பதை நம்பாதீர்கள். இவை பயிற்சித் தட்டுகள், கடினமான இடத்திலேயே திரும்பத் திரும்ப ஊசியை வைத்திருப்பார்கள், அங்கேதான் தேய்ந்திருக்கும். ஓடவிட்டு ஒலிப்பதிவு கேளுங்கள். குறை தெரிந்த அன்றே தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். விற்றவர் ‘தேடித் தருகிறேன்’ என்றாலும் கெடு நிற்காது.

இன்றைய விளம்பரத்தில் இருப்பது செலோ தொகுப்பு. விலை இன்னும் அதிகம். அதே மேஜை, அதே ஜன்னல், படத்தில் உறைகள் மட்டும். இந்த முறை ‘என் மாமாவின் சேகரிப்பு’ என்று எழுதியிருக்கிறார். செலோ வாசிக்கிறவர்கள் யாராவது கண்ணில் பட்டால், தயவு செய்து இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.